மனசு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது? திருகோணமலையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாலைந்து பேர் சேர்ந்து உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று கூப்பிடும் இடமெல்லாம் போய் மனநலம் பற்றிக் கதைத்து வருகிறோம். கோயில் மடம், வாசிகசாலை, பள்ளிவாசல் மண்டபம், மாதர் சங்கக் கட்டடம், இடம் எதுவானாலும் ஒன்று மாறாது. "கேள்வி இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது யாராவது மெதுவாகப் பக்கத்தில் வருவார். "ரீச்சர், இது எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு..." என்று தொடங்குவார்.

அப்படிக் கதிரை அடுக்கும் நேரத்தில் வந்த கேள்விகள்தான் இவை. கேட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் விட்டுவிட்டேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து பற்றி இங்கே சொல்பவை பொதுவானவை. உங்கள் மருந்தை உங்கள் வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

மனநலம் என்றால் விசர் பிடிக்காமல் இருப்பதுதானே?

உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாயிருப்பதே சுகம், நோய் இல்லாதிருப்பது மட்டும் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 1948 இலேயே எழுதிவைத்துவிட்டது. நாங்கள் இன்னும் அங்கே வந்துசேரவில்லை. தடிமன், காய்ச்சல், டெங்கு, பாரிசவாதம் என்று உடம்புக்கு வருவதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். மனதுக்கு வருவது எல்லாம் 'விசர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விடுகிறது. அந்தச் சொல் தன்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே பலர் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் பேச்சிலேயே நல்ல சொற்கள் இருக்கின்றன. அந்தரம், ஏக்கம், யோசனை, பதகளிப்பு, விரக்தி. "எனக்குக் கொஞ்ச நாளா ஒரே அந்தரமா இருக்கு" என்று மகள் சொன்னால் அது ஒரு தகவல். அதைக் கேட்டவுடன் "உன்னை அங்கொடைக்குத்தான் (மனநோய் வைத்தியசாலை உள்ள ஊர்) அனுப்பவேணும்" என்று பகிடி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பகிடியை விட்டுவிடுங்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். பகிடி கேட்ட பிள்ளை அடுத்த முறை சொல்லமாட்டாள்.

கவலை எல்லாருக்கும் வரும்தானே. எப்போது வருத்தம் என்று எடுப்பது?

கவலை வரும், போகும். மழை நாளில் தோணி கரையில் நிற்பது மாதிரி, மழை விட்டதும் இறங்கிவிடும். மழை விட்ட பிறகும் தோணி இறங்காவிட்டால்தான் பார்க்கவேண்டும்.

கணக்காகச் சொன்னால் 2 வாரம். 2 வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் விழுந்தே கிடக்கிறது, முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லை, நித்திரை கெடுகிறது அல்லது எந்நேரமும் படுக்கை, சாப்பாடு இறங்கவில்லை, "என்னாலதான் எல்லாம்" என்ற குற்ற உணர்வு, ஒரு வேலையில் மனம் நிற்கவில்லை. இவற்றில் பலது சேர்ந்து வந்து அன்றாட வேலையைக் குழப்பினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சோம்பலோ பலவீனமோ என்று தள்ளிவைக்காதீர்கள். ஒருவருக்குத் தனியே குரல்கள் கேட்கின்றன, எல்லாரும் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறார் என்றால் 2 வாரமும் பார்க்கவேண்டாம். அந்த நோய்களில் வைத்தியம் எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது. ஈசீஜீ எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் நடிக்கிறேனா?

இல்லை. படபடப்பு உண்மை, வியர்வை உண்மை, செத்துவிடுவேனோ என்ற பயமும் உண்மை. ஆபத்து வந்தால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பு தன்னைத் தயார்படுத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆபத்து இல்லாத நேரத்தில் அது தானாக எழும்பினால் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். எங்கள் சனத்துக்கு மனப்பாரம் முதலில் உடம்பில்தான் இறங்குகிறது. தலையிடி, உடம்பு உளைவு, வயிற்றெரிவு, கை கால் விறைப்பு. இதயத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தது நல்ல செய்தி. அதோடு வீட்டுக்குத் திரும்பாமல், "அப்படியென்றால் மனநலப் பிரிவில் காட்டலாமா?" என்று அதே வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கே போவது? ஊருக்குத் தெரிந்துவிடாதா?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மனநல கிளினிக் எந்த நாளில் என்று விசாரிக்கலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பிரச்சினை, துக்கம், பிள்ளைகளின் சிக்கல் ஆகியவற்றை அவர்களிடம் கதைக்கலாம். வெளியில் இறங்கவே மனமில்லை என்றால் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் இலவசம், தமிழிலும் கதைக்கலாம். 1333 என்பதும் இலவச ஆலோசனை இலக்கம்தான்.

இரண்டாவது பாதிக்கு என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 11 வருடம் மாதாமாதம் கிளினிக் போனார். பக்கத்து வீட்டுக்கு அது 'பிரஷர் கிளினிக்'. கிளினிக் கொப்பிக்குப் பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருந்தார், வெளியே எழுதியிருப்பது தெரியாமல். பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறினால் ஒரு தரிப்பிடம் முந்தியே இறங்கி, வெயிலில் நடந்து போவார். ஒருமுறை ஒரு மருந்தகத்தில் அவருடைய பெயரையும் குளிசையின் பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் போகவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நோய் திரும்ப வந்தது, அவரை மறுபடி நிமிர்த்த ஒரு வருடம் எடுத்தது.

ஊருக்குத் தெரியக்கூடும். பொய் சொல்லமாட்டேன். வைத்தியரும் தாதியரும் உங்கள் விஷயத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்கள், ஆனால் வரிசையில் நிற்கும் ஊர்க்காரர் கண்ணை மூடிக்கொள்ளமாட்டார். அதனால் இதைச் சொல்கிறேன்: அந்த வரிசையில் தெரிந்த ஒருவரைக் கண்டால் தலையசைத்து "சுகமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வீட்டுக்கு வந்து கதையாக்க வேண்டாம். சின்னம்மாவின் கொப்பிக்கு அந்த உறையைப் போடவைத்தவர்கள் நாங்கள்தான்.

குளிசை தொடங்கினால் ஆயுளுக்கும் விடமுடியாதாமே? அடிமையாகிவிடுவார்களாமே?

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வழமையான குளிசைகள் போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. ஆனால் பொறுமை வேண்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் செல்லும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், தலைச்சுற்று வரலாம். எங்கள் ஆட்கள் அந்த வாரத்திலேயே நிறுத்திவிட்டு "மருந்து ஒத்துவரேல்லை" என்பார்கள். சுகம் வந்த பிறகும் வழமையாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதென்றால் வைத்தியர் சொல்லியபடி படிப்படியாகக் குறைக்கவேண்டும், ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. சில நோய்களுக்கு நீண்டகாலம் மருந்து தேவைப்படும், சீனி வருத்தம் மாதிரி.

நித்திரைக் குளிசை வேறு. அதில் சில வகைகளுக்குப் பழக்கம் பிடித்துக்கொள்ளும். அயல் வீட்டு அக்காவின் பெட்டியிலிருந்து ஒன்று இரண்டு வாங்கிப் போடுகிற வழக்கம் வேண்டவே வேண்டாம்.

இது செய்வினை என்கிறார்கள். முதலில் கோயிலில் பார்ப்போமா?

கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், நூல் கட்டுங்கள், மௌலவியிடம் ஓதித் தண்ணீர் வாங்குங்கள், தேவாலயத்தில் செபியுங்கள். மனதுக்குப் பிடிமானம் தருகிற எதையும் நான் பறிக்கமாட்டேன். அதற்காகக் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். கிண்ணியாவில் ஒரு மௌலவி ஓதி முடித்துவிட்டு, "எல்லா நோய்க்கும் மருந்து உண்டு, வைத்தியம் செய்யுங்கள் என்றுதான் நபியவர்களும் சொன்னார்கள், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க" என்று ஒரு தாயிடம் சொன்னதை நேரில் பார்த்தேன். அந்த மகன் இன்று வேலைக்குப் போகிறான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். அடிப்பது, கட்டிவைப்பது, சாப்பாடு கொடுக்காமல் விடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, பல்லாயிரக்கணக்கில் காசு கேட்பது: இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

அப்பா காணாமல்போய் இத்தனை வருடம். ஆடி அமாவாசை விரதம் பிடிக்கலாமா?

இதைக் கேட்ட பெண்பிள்ளைக்கு 30 வயது இருக்கும். தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும் தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் பிடிப்பது எங்கள் வழக்கம். "பிடிச்சா அவர் செத்திட்டார் எண்டு நானே சொல்லுறதாகும். பிடிக்காட்டி, செத்திருந்தா அவருக்கு ஒரு எள்ளுத் தண்ணி குடுக்க ஆளில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் இதே யோசனை ரீச்சர்." சொல்லும்போது அவள் அழவில்லை. கதிரை ஒன்றின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

எங்களிடம் துக்கத்தைச் சுமக்க நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. செத்தவீட்டுக்கு ஊரே வரும். அயலவர் சாப்பாடு கொண்டுவருவார்கள். எட்டுச் செலவு, 31 ஆம் நாள், ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்குப் படிகள் உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் சகோதரிகளுக்கு 4 மாதமும் 10 நாளும் இத்தா என்ற காத்திருப்புக் காலம். கிறிஸ்தவர்களுக்கு 7 ஆம் நாள், 30 ஆம் நாள் பூசை. உடல் கிடைக்காத வீட்டுக்கு இந்தப் படிகளில் முதலாவதே இல்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதிலிருந்து எல்லாமே கேள்விதான். இதை 'முடிவு தெரியாத இழப்பு' என்று 1970களில் பெயரிட்டு விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ். அவர் சொன்னதில் எனக்கு உதவியது இது: இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது நோய் அல்ல. குழம்பிக் கிடப்பது நிலைமை. அதற்குள் அகப்பட்டவர் இயல்பானவர்தான்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது: பிடிப்பதா விடுவதா என்று இந்த ஆடியிலேயே முடிவெடுக்கவேண்டியதில்லை. அப்பா உயிரோடிருந்தால் அவர் நலனுக்காகவும், இல்லாவிட்டால் அவர் ஆன்மாவுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றலாம், அந்த விளக்கு எதையும் தீர்மானிக்காது. காணி, வங்கி அலுவல்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, இறந்துவிட்டார் என்று சொல்லாத 'காணாமற்போனமைச் சான்றிதழ்' 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் குடும்பத்தின் விருப்பம். தேடலை விடு, நீதி கேட்பதை விடு என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. "இன்னும் எத்தனை நாளைக்கு அழப்போறாய்?" என்பது ஆறுதல் ஆகாது.

சுனாமி வந்து இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இன்னும் கடலுக்குப் பயப்படுவது சரியா?

மூதூர்க் கரையில் எனக்குத் தெரிந்த மீனவ ஐயா ஒருவர் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. ஆனால் வலையை விடவும் இல்லை. ஒவ்வொரு காலையும் வந்து கடலுக்கு முதுகு காட்டி இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைத் திருத்துவார். அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் ஊசி நிற்கும். பிறகு ஓடும்.

பெரிய அதிர்ச்சிகள் அப்படித்தான். கனவாகவும் திடுக்கிடலாகவும் திரும்ப வரும். டிசம்பர் நெருங்கும்போது காரணம் தெரியாத கோபமும் நித்திரையின்மையும் கூடும். திகதியை மறந்தாலும் உடம்பு மறக்காது. 2006 இல் போரால் சம்பூரிலிருந்து ஓடியவர்களுக்கும், 10 வருடத்துக்குப் பிறகு வந்து பற்றை வெட்டித் திரும்பக் குடியேறியவர்களுக்கும் வேறு நாட்கள் இருக்கின்றன. காலம் ஆற்றும் என்று விட்டுவிட்டவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: 20 வருடம் கழித்து வந்தாலும் இதற்கு வைத்தியம் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரோடு, அவசரமில்லாமல், சிறிது சிறிதாக அந்த நினைவை அணுகும் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன.

ஒருவர் "செத்தால் நல்லம்" என்கிறார். அதைப்பற்றிக் கேட்டால் எண்ணம் கூடிவிடாதா?

எண்ணம் கூடிவிடாது. நேராகக் கேளுங்கள்: "உயிரை விடவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?" கேட்பதால் எண்ணம் விதைபடுவதில்லை, பலருக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. சொல்லத் தொடங்கினால் குறுக்கே பாயாதீர்கள். "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்கோ" என்பது உடனே வரும். அதைக் கொஞ்சம் பிடித்துவையுங்கள். பிள்ளைகளை நினைத்துத்தான் அவர் இவ்வளவு நாளும் தாங்கியிருப்பார். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிநாசினி, குளிசைகளை எட்டாத இடத்தில் பூட்டுங்கள். 1926 க்கு எடுங்கள் அல்லது கூடவே போய்ச் சேருங்கள். ஏதாவது நடந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸ்.

பொலிஸ் கேஸ் வருமோ என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. உயிரை மாய்க்க முயல்வது 1998 முதல் இந்த நாட்டில் குற்றம் இல்லை. இந்த ஒரு வரியை உங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

அவருக்குக் குடி. கோயிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லட்டுமா?

நிறுத்தவேண்டும், ஆனால் நாளும் பொழுதும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிராபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு என்று இரண்டு மூன்று நாட்களுக்குள் வரும். வைத்தியசாலையில் மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு. ஐஸ் போதைப்பொருள் பாவிக்கும் பொடியன்மாருக்கும் முதலில் போகவேண்டிய இடம் மனநலப் பிரிவு. அடிவாங்குகிற மனைவிக்கு வேறு பதில்: அவர் திருந்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை, பெண்களுக்கான இலக்கம் 1938.

பிள்ளை பிறந்து மகள் அழுதபடியே இருக்கிறாள். எல்லாரும் "சந்தோஷமா இரு" என்கிறோம்.

முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் அழுகை பெரும்பாலும் தானாக ஓயும். அதைத் தாண்டினால், அல்லது பிள்ளையைத் தூக்கவே மனமில்லை என்றால், வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் 10 நாட்களிலேயே அவர் வருவார். மகளை ஒரு இரவு முழுக்க நித்திரை கொள்ளவிட்டு நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காத பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறது.

10 வயதுப் பிள்ளை அது. முடிவு வந்த அன்று மற்றப் பிள்ளைகளின் படங்களை அதன் முன்னால் போனில் பார்க்காதீர்கள். மாலையில் டச்சுக் குடாக் கரைக்குக் கூட்டிப்போங்கள், மான்களைப் பார்க்கட்டும். கிழமைக்கணக்கில் ஒதுங்கியே இருந்தால் வகுப்பாசிரியரோடு கதையுங்கள். 1929 பிள்ளைகளுக்கான இலக்கம்.

வைத்தியர்கள் இருக்கிறார்களே. சாதாரண சனம், சங்கம், கோயில் நிர்வாகம் எல்லாம் என்ன செய்யமுடியும்?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர்வரை தங்கள் உயிரை மாய்த்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. இன்று அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் மிகக் கொடிய பூச்சிநாசினிகளை 1980களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. வேளாண்மை விளைச்சல் அதனால் குறையவில்லை. ஒரு கணப் பொழுதின் விரக்தியில் கைக்கெட்டியது உயிரைக் கொல்லாததாக இருந்ததால் எத்தனையோ ஆயிரம் பேர் மறுநாளைக் கண்டார்கள்.

ஆகவே ஒரு கமக்காரர் அமைப்பு நினைத்தால் தம்பலகாமத்தில் வீடுவீடாகப் பூச்சிநாசினிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக் கொடுக்கலாம். மாதர் சங்கம் குழுக்கடன் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நின்று அவமானப்படுத்துவதை ஒன்றாக நின்று தடுக்கலாம். கடன் தாங்காமல் நித்திரை இழந்த பெண்ணுக்குக் குளிசை மட்டும் கொடுத்து என்ன பயன்? கோயில் நிர்வாகம் மனநோய் வந்து சுகமான இளைஞனுக்கு அன்னதானத்தில் வேலை கொடுக்கலாம். முதலாளிமார் கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் விடலாம்.

நித்திரை வராத முதல் இரவுக்கும், அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் நாளுக்கும் இடையில் எங்கள் ஊரில் வருடங்கள் போகின்றன. சின்னம்மாவுக்கு நாலு வருடம் போனது. அதை நாலு கிழமையாக்கும் வேலை வைத்தியசாலைக் கட்டடத்துக்குள் நடக்கமுடியாது.

போய்ப் பார்க்க விருப்பம்தான். என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

வெறுங்கையோடு போகாதீர்கள், மீன் குழம்போ இடியப்பமோ கொஞ்சம் கொண்டுபோங்கள். ஆள் படுத்திருந்தால் எழுப்பாதீர்கள். "நீ மட்டும் தைரியமா இரு" என்று தொடங்கவேண்டாம். "உன்னைக் காணேல்லை, அதான் வந்தனான்" போதும். பதில் வராவிட்டால் வாசலில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். எழும்பும்போது "ஞாயிற்றுக்கிழமை திரும்ப வாறன்" என்று நாளைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள்.